செந்தூல் வீட்டுக் கராஜில் நூறு இஞ்ச் திரை: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது பழைய டெரஸ் வீடு. முன்பு இருந்தவர் போர்ச்சுக்குச் செங்கல் சுவர் வைத்து, முன்னால் ரோலர் ஷட்டர் மாட்டி, மேலே ஜிங்க் கூரை போட்டு அதைக் கராஜாக்கி வைத்திருந்தார். எங்கள் காடி அதற்குள் போனதே இல்லை, தெருவோரம்தான் நிற்கும். கராஜில் தீபாவளிப் பலகாரச் சட்டி, பழைய மெத்தை, செயின் போன சைக்கிள். செப்டம்பர் 2022இல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். டிசம்பர் 18ஆம் தேதி இரவு 11 மணிக்கு உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம். அதற்குள் புரொஜெக்டரும் பெரிய திரையும் தயாராக வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு.

புரொஜெக்டர் 3,200 வெள்ளி. அறையைச் சரிசெய்ய இதுவரை 9,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. வாங்கும்போது நான் லூமென்ஸ் (வெளிச்ச அளவு), கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வித்தியாசம்) என்று ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். ஈரம், எறும்பு, மழை பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அறை 5.8 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம். 120 இஞ்ச் திரை வேண்டும் என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றான். இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை, 120 இஞ்சுக்கு அகலமே 266 சென்டிமீட்டர். மிச்சம் இருப்பது பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர், அதில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? நூறு இஞ்ச் என்றால் 221 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் வரும். என் புரொஜெக்டருக்கு திரையின் அகலத்தைப் போல 1.32 மடங்கு தூரமாவது வேண்டும், அதாவது இந்தத் திரைக்குக் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். சீலிங்கில் 3.3 மீட்டரில் மாட்டினோம். மாட்டும்போது திரைக்கு நேராக, மட்டமாக மாட்டிவிடுங்கள். கோணலாக மாட்டிவிட்டு கீஸ்டோனில் (கோணலைச் சரிசெய்யும் செட்டிங்) நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் படத்தின் கூர்மைதான் போகும்.

வயர் கதையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வயர்மேன் அண்ணன் கோபித்துக்கொள்வார். படத்தைப் புரொஜெக்டருக்கும் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ரிசீவர் திரைக்குக் கீழே, புரொஜெக்டர் சீலிங்கில். நடுவில் படம் போக 10 மீட்டர் எச்டிஎம்ஐ வயர். அந்த நீளத்துக்குச் சாதாரண செம்பு வயர் 4கே சிக்னலை ஒழுங்காகத் தாங்காது என்பதால், பின்னால் புரொஜெக்டரை மாற்றினாலும் உதவட்டும் என்று சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வயராக வாங்கினேன். பைப்புக்குள் இழுத்து, சுவரைப் பூசி, பெயின்டும் அடித்தாயிற்று. படம் வரவில்லை. இரண்டு மணி நேரம் புரொஜெக்டரைத் திட்டினோம், ரிசீவரைத் திட்டினோம். கடைசியில் அண்ணன் டார்ச் அடித்து வயரின் முனையைப் பார்த்தார். புரொஜெக்டர் பக்கம் வந்திருந்த முனையில் பொடி எழுத்தில் 'சோர்ஸ்' என்று இருந்தது, அதாவது ரிசீவரில் செருக வேண்டிய முனை. "தம்பி, இதுக்குத் தலையும் வாலும் இருக்கு. நாம வாலைப் பிடிச்சு இழுத்திருக்கோம்." நல்ல வேளை, பைப்பை அகலமாகப் போட்டிருந்ததால் திருப்பி இழுக்க முடிந்தது. அன்றைக்குப் பைப்பில் விட்டு வைத்த நைலான் கயிறு இன்றைக்கும் உள்ளேயே இருக்கிறது.

சுவர் முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை அடிக்க முடியாது. திரையில் கறுப்பு என்று நாம் பார்ப்பது அறையின் இருட்டைத்தான். திரையில் பட்ட வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பி வந்து, இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கச் சுவருக்கும் சீலிங்குக்கும் அடர் சாம்பல் மேட் பெயின்ட் அடித்தேன், செலவு 180 வெள்ளி. படத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இந்த வீட்டில் வேறு எந்தச் செலவும் காட்டவில்லை. அந்த வேகத்தில் திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணியும் ஒட்டினேன். நாலு மாதத்தில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, கோலம் போட்டிருக்கீங்களா?" என்றாள்.

பூஞ்சையைப் பார்த்த பிறகுதான் ஈரப்பதம் அளக்கும் மீட்டர் வாங்கினேன். மூடிக் கிடந்த அறையில் 84 சதவீதம் காட்டியது. ஏர்கோன் ஓடும்போது இறங்கும், நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. படம் முடிந்து ஏர்கோனை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டுப் பனி பிடிக்கும். கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு லென்ஸ் பூஞ்சை எப்படி வரும் என்று தெரியும். இப்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு சின்ன டீஹியூமிடிஃபையர் 60 சதவீதத்தில் நின்று ஓடுகிறது. மழைக்காலத்தில் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் கொட்டுகிறேன். மின்சார பில் கூடத்தான் செய்கிறது, இருந்தாலும் அதை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

எறும்பு சமாசாரம் 2023இல். ரிசீவர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. மேல்மூடியைக் கழற்றினால், சர்க்யூட் போர்டுக்கு மேல் சித்தெறும்பு முட்டையும் குஞ்சுமாகக் குடித்தனம் நடத்துகிறது. வெதுவெதுப்பாக, இருட்டாக, யாரும் தொந்தரவு செய்யாத இடம், அதற்கு வேறென்ன வேண்டும்? அம்மா உடனே, "மேஜைக் காலுக்குக் கிண்ணத்துல தண்ணி வை" என்றார். ஆறு ஸ்பீக்கர் வயர் ஓடும் இடத்தில் தண்ணீர்க் கிண்ணம்! அப்புறம் சுவர் விரிசலையும் பைப் வாய்களையும் சிலிக்கான் வைத்து அடைத்து, வெளிப்பக்கம் எறும்பு மருந்து வைத்தேன். அதற்குப் பிறகு வரவில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். இந்த அறை எனக்குப் பாடம் எடுத்தது இதில்தான்.

முதல் நாள் கைதட்டிப் பார்த்தபோது 'டர்ர்' என்று ஒரு இழுவை. எதிரெதிராக இரண்டு மொட்டைச் சுவர், சிமெண்டுத் தரை, பின்னால் இரும்பு ஷட்டர். வசனம் எல்லாம் குளியலறையில் பேசுவது போல் கேட்டது. நண்பர் ஒருவர் முட்டை அட்டை ஒட்டச் சொன்னார். அது மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் மழுப்புமே தவிர மற்றதற்கு உதவாது. 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றிப் பக்கச் சுவர்களில் மாட்டினேன். ஷட்டருக்கு உள்பக்கம் ஒரு சாண் தள்ளி ஜிப்சம் சுவர் எழுப்பினேன். தெருவிலிருந்து பார்த்தால் இன்னும் கராஜ்தான். ஷட்டரின் கிடுகிடுப்புக்கு ஓரத் தண்டவாளத்தில் ஃபோம் டேப் போதுமாக இருந்தது.

அப்புறம் ஆழமான பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர், அதாவது சப்வூஃபர். வழக்கம்போல மூலையில் வைத்தேன். பத்துமலைத் தைப்பூசத்தில் எடுத்த உருமி மேளப் பதிவைப் போட்டால், சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். நடுவில் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்த எனக்கு அடி விழுவதே தெரியவில்லை. காரணம் அறையின் அகலம். 3.1 மீட்டருக்கு ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை (சுவருக்குச் சுவர் மோதி நகராமல் நிற்கும் சத்த அலை) உண்டாகிறது. அந்த அலைக்குச் சுவரோரம் அழுத்தம் அதிகம், நட்ட நடுவில் ஒன்றுமே இல்லை. நான் காசு கொடுத்து அந்த ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறது என்று தேட வேண்டும். நான் தவழ்ந்ததை மகன் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான், அது போகட்டும். முன்சுவரின் நடுவில், திரைக்கு நேர் கீழே, எல்லா இருக்கையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்டது. அகலத்தின் நடுவில் வைத்தால் அந்த 55 ஹெர்ட்ஸ் அலை கிளம்புவதே இல்லை. ரிசீவரில் கிராஸோவரை (அதற்குக் கீழ் உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அன்றிலிருந்து சப்வூஃபரை நகர்த்தவில்லை.

மழைக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. ஜிங்குக்குக் கீழே ராக்வூல், அதற்குக் கீழே பிளாஸ்டர் சீலிங் போட்டும், கோலாலம்பூரில் சாயங்காலம் நாலு ஐந்து மணிக்குக் கொட்டும் மழையை எந்த ஸ்பீக்கராலும் ஜெயிக்க முடியாது. படத்தை நிறுத்திவிட்டு டீ போடுவோம். இடி வேறு. ஏப்ரல் 2024இல் ஒரு மாலை அடித்த இடியில் ரிசீவரின் ஒரு எச்டிஎம்ஐ வாய் செத்தது. பிளக்கில் மின்னதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டிவி செட்-டாப் பெட்டி செருகியிருந்த வாய் மட்டும்தான் போனது, பெட்டியும் போனது. கூரை மேல் இருக்கும் டிஷ்ஷின் வயர் வழியாக வந்திருக்க வேண்டும். இப்போது வானம் கறுத்தால் பிளக்கோடு அந்த வயரையும் பிடுங்கிவிடுகிறேன்.

புரொஜெக்டரின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. மூன்று எல்சிடி தகடுகள் உள்ள வகை. சில புரொஜெக்டர்களில் கண்ணில் படும் வானவில் சிதறல் கிடையாது, நிறம் அழகு. ஆனால் தகடுகளைக் குளிரவைக்க உள்ளே இழுக்கும் காற்றோடு தூசியும் போகிறது. இரண்டாம் வருடம் இருட்டுக் காட்சிகளில் வலது ஓரம் ஊதாத் திட்டு ஒன்று தெரிந்தது. ஒரு சர்வீஸ் கடையில் 350 வெள்ளி கொடுத்துச் சுத்தம் செய்தேன், ஐந்து மாதத்தில் திட்டு திரும்பி வந்தது. கண்ணுக்குப் பழகிவிட்டது, வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியவுமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைப் பிரஷ்ஷால் தட்டுகிறேன். லாம்ப் 1,540 மணி நேரம் ஓடியிருக்கிறது, வெளிச்சம் குறைந்த ஈகோ மோடில்தான் பார்ப்போம். வெள்ளை லேசாக மஞ்சளடிக்கிறது.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். பேஸ் சுவரைத் தாண்டிப் போகத்தான் செய்யும், ராக்வூல் அதைத் தடுக்காது. முதல் மாதமே வந்து, அலமாரியில் கண்ணாடிக் கோப்பையெல்லாம் ஆடுகிறது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பத்தரைக்கு மேல் சப்வூஃபரை அணைத்து, திடீர்ச் சத்தங்களைத் தணிக்கும் நைட் மோடில் போடுவதாக ஒப்பந்தம். இறுதியாட்டத்தன்று மட்டும் விதிவிலக்கு கேட்கப் போனேன். அவரே நாற்காலியும் ஒரு பை வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 3-3 ஆகி பெனால்டி வரை போய், அர்ஜென்டினா ஜெயித்தபோது மணி கிட்டத்தட்ட இரண்டு. அந்த நாற்காலியை அவர் இன்னும் திரும்ப எடுத்துப் போகவில்லை. பேட்மின்டன் இருந்தால் போன் பண்ணி, கராஜ் திறந்திருக்கிறதா என்று கேட்கிறார்.