மடி சில்லிட்டுப் போயும் "பயப்படாதீங்க" என்ற ஊசிக்காரர்

பால் ஆடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள், அதுவும் ஊரில் கூப்பிட்டவுடன் பைக்கில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிற ஆள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

என் தலைச்சேரி ஆடு, இரண்டாம் ஈத்து, இரண்டு குட்டி போட்டுப் பன்னிரண்டு நாள். ஒருநாள் காலையில் பின்னங்காலை அகட்டி அகட்டி நடந்தது, குட்டி முட்டினால் உதைத்தது. இடப்பக்க மடி கல் மாதிரி இருந்தது. பீய்ச்சினால் மஞ்சள் தண்ணீரும் தயிர் மாதிரித் திரித்திரியாகவும் வந்தது. மடிநோய் என்று எனக்கே தெரிந்தது. அரசு டாக்டர் அன்று முகாமுக்குப் போயிருந்தார், அதனால் ஊரே 'டாக்டர்' என்று கூப்பிடும் ஒருவரை வரச் சொன்னேன். என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவில்லை, என் தப்பு.

காய்ச்சல்கூடப் பார்க்காமல் மூன்று ஊசி போட்டார், 600 ரூபாய். என்ன மருந்து என்றதற்கு "எல்லாம் நல்ல கம்பெனி மருந்துதானுங்க" என்று சொல்லி, காலி பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் ஆடு தழை கடித்தது, எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் மடி சில்லென்று இருந்தது. போன் செய்தேன். "சூடு இறங்கிருச்சுன்னா வீக்கம் வடியுதுன்னு அர்த்தமுங்க, பயப்படாதீங்க." அதையே அம்மாவிடமும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் காம்பு நீலம் பாரித்து, பீய்ச்சினால் ரத்தத் தண்ணீர், ஆடு எழுந்திருக்கவே இல்லை.

குட்டியானை வண்டி பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா மடியைத் தொட்டதும் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிருந்து சில்லென்று இருக்கு?" ரத்த ஓட்டம் நின்று சதை அழுகத் தொடங்கினால்தான் மடி அப்படி ஆகுமாம், அந்த நஞ்சு உடம்பில் ஏறினால் ஓரிரு நாளில் ஆடே போய்விடும். அடுத்து, என்ன ஊசி போட்டீர்கள் என்றார். என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் தழை கடித்தது ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம், அது காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது என்றார். எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பாலைச் சோதித்தே கண்டுபிடிக்கலாமாம், ஆனால் முதல் ஊசிக்கு முன்பே சுத்தமான குப்பியில் பால் பிடித்திருக்க வேண்டும். அதுவும் போச்சு.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பக்க மடி கருத்து, நாறி, பல வாரம் கழித்துக் கழன்று விழுந்தது. ஈ மொய்க்காமல் தினமும் கழுவி மருந்து போட்டது அம்மாதான், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். குட்டிகளுக்குப் புட்டிப்பால்.

கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அது மாட்டுக்குச் சொல்லும் அளவு, தொடக்கத்திலேயே பாலை அடிக்கடி பீய்ச்சிவிட்டுப் பூசினால் உதவும், ஆனால் சில்லிட்ட மடிக்கு அதைப் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். வண்டி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள். ஊசி போடுபவர் யாராக இருந்தாலும் பாட்டிலை வாங்கி வையுங்கள், தர மாட்டேன் என்றால் அந்த ஊசியே வேண்டாம்.

அந்த ஆளிடம் நியாயம் கேட்கப் போனேன். "உசுரு பொழச்சிருச்சில்லீங்க?" என்றார். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பைக் நின்றது, கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.