மலைப்பாதை வானுக்கு ஒயில் கூலர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒட்டோ கியர் ஹையேஸ் வானுக்கு, ஒயிலின் சூட்டைத் தணிக்கும் ஒயில் கூலரைத் தனியாகப் பூட்டத்தான் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். கியர்பொக்ஸுக்குக் கட்டாயம் பூட்டுங்கள், எஞ்சினுக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே சில ஆண்டுகள் இதே பாதையில் ஓட்டிய பிறகு நான் சொல்லக்கூடிய பதில்.

ஒட்டோ கியர்பொக்ஸில் எஞ்சினின் விசையை டோர்க் கொன்வேர்ட்டர் ஒயில் வழியாகவே கடத்துகிறது; அதனால் அதில் ஓரளவு வழுக்கல் இருக்கும். சமதரையில் வேகம் பிடித்ததும் அதன் உள்ளே இருக்கும் லொக்கப் கிளச் பூட்டிக்கொள்வதால் வழுக்கல் நின்றுவிடும். றம்பொடைக்கு மேலுள்ள வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போது அது பூட்டிக்கொள்வதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. வழுக்கலில் வீணாகும் விசை முழுவதும் ஒயிலைச் சூடாக்குகிறது. வான் ஊர்ந்து ஏறுவதால் முன்பக்கம் காற்றும் வருவதில்லை. ஏப்ரல் சீசனில் வாகன வரிசையில் அகப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். கியர்பொக்ஸ் ஒயிலுக்கு 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை உகந்தது. 120ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சிவப்பு நிறம் மங்கிக் கபிலமாகும், டிப்ஸ்டிக்கில் தீய்ந்த வாடை வரும், வால்வுகளில் பிசின் போன்ற படிவு ஏறும்.

ஆகவே கூலர் வாங்குவதற்கு முன் கியர்பொக்ஸிலிருந்து வெளிவரும் குழாயில் ஒரு வெப்பமானியைப் பொருத்திப் பாருங்கள். என் வானில் கூலர் பூட்டுவதற்கு முன் லபுக்கலைக்கு அண்மையில் முள் 120ஐத் தொட்டுவிடும். இப்போது பாரத்தோடு ஏறினாலும் 100க்குக் கீழேயே நிற்கிறது.

கடைகளில் குழாயும் துடுப்பும் கொண்ட மலிவான வகை, தகடும் துடுப்பும் கொண்ட வகை, அடுக்குத் தகடு வகை எனக் கிடைக்கின்றன. ஒரே அளவில் அடுக்குத் தகடு வகைதான் அதிக வெப்பத்தை வெளியேற்றுகிறது. குளிரில் தடித்த ஒயிலும் அதில் அதிகத் தடையின்றி ஓடுகிறது. ஆனால் நம் பாதைக்கு அளவைவிட விசிறிதான் முக்கியம். வேகமாக ஓடும் வாகனத்துக்கென விற்கப்படும் பெரிய கூலர், விசிறியின் இழுப்புக்குள் வராத இடத்தில் இருந்தால் ஏற்றத்தில் உதவாது. ரெடியேட்டரின் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கம்பியைச் செருகிக் கட்டும் வழக்கத்தைத் தவிர்த்து, தாங்கி அடித்து றப்பர் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கம்பி உரசி ரெடியேட்டரையே ஓட்டையாக்கிவிடும்.

தேர்மொஸ்டாட் இல்லாத கூலரை நுவரெலியாப் பக்கம் ஓடும் வாகனத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். விடியற்காலையில் வெளியே 10 பாகைக்கு அருகில் இருக்கும்போது ஒயில் சூடேறவே நெடுநேரம் பிடிக்கும்; கியர் மாறுவது முரடாகும். ஏறத்தாழ 80 பாகையில் திறக்கும் தேர்மொஸ்டாட் இருந்தால் அதுவரை ஒயில் கூலருக்குள் போகாமலே திரும்பிவிடும். ஒயில் முதலில் ரெடியேட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் கூலருக்கும் பிறகு வெளிக் கூலருக்கும் போகுமாறு குழாயை இணைப்பது நல்லது.

எஞ்சின் ஒயில் கூலரைப் பற்றி என் தயக்கத்துக்கும் குளிரே காரணம். என் தம்பியின் பெற்றோல் காரில், ஒயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில், ஒயிலை வெளியே கூலருக்கு எடுக்கும் சான்ட்விச் பிளேட் வைத்து, தேர்மொஸ்டாட் இல்லாமல் கூலர் பூட்டியிருந்தார்கள். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் மட்டுமே ஓடிய அந்தக் காரின் ஒயில் மூடியைக் கழற்றினால், அடியில் பால் தேநீர் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கும். ஒயில் போதிய சூடேறாததால் அதில் சேரும் நீர் ஆவியாகாமல் தங்கியதன் விளைவு அது. ஹையேஸின் 3.0 லீற்றர் டீசல் எஞ்சினில் கம்பனியே வைத்த நீர்க்குளிர் கூலர் இருக்கிறது. அதைத் துப்புரவாக வைத்திருப்பதே போதும்.

கியர்பொக்ஸ் கூலரைப் பூட்டிய பின், கூலரும் குழாய்களும் கொள்ளும் அளவுக்குக் கியர்பொக்ஸ் ஒயில் கூடுதலாக ஊற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது, சூடான நிலைக்குரிய கோட்டில் அளவைப் பாருங்கள். குழாய் கியர்பொக்ஸ் ஒயிலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சில மாதங்களில் ஊறித் தளர்ந்து கிளிப்பின் அருகே கசியும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய கூலர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது உடைந்த கியர்பொக்ஸிலிருந்து வந்ததாக இருந்தால், அடுக்குத் தகடுகளுக்குள் தங்கிய இரும்புத்தூளை எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியேற்ற முடியாது. அந்தத் தூள் நேரே உங்கள் கியர்பொக்ஸுக்குள் போகும். புதியது வாங்க இப்போது வசதிப்படாவிட்டால், அந்தப் பணத்தில் கியர்பொக்ஸ் ஒயிலைக் குறித்த தவணைக்கு முன்பே மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள்.