எக்ஸ்டெண்டட் வாரண்டி: ஏசிக்கு நான்கு நட்சத்திரம், இன்ஜினுக்கு ஒன்றரை

கார் கம்பெனியே விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை வாங்கலாமா என்று கேட்டால் என் பதில், வாங்கலாம், ஆனால் இன்ஜினை நினைத்து வாங்காதீர்கள். ஏசி கம்ப்ரஸர், ஸ்டீயரிங் மோட்டார், ஏதாவது ஒரு கண்ட்ரோல் யூனிட், இதற்கெல்லாம் அது நன்றாகவே வேலை செய்கிறது. இன்ஜின் போனால் நடப்பது வேறு கதை. கம்பெனி பெயரோ டீலர் பெயரோ இதில் இருக்காது, விவகாரம் ஒரு மாதிரி முடிந்துவிட்டது, அதோடு நான் புரட்டிப் பார்த்த மற்ற கம்பெனிகளின் வாரண்டி புத்தகங்களிலும் கிட்டத்தட்ட இதே வாசகங்கள்தான் இருக்கின்றன.

என்னுடையது நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி, 1 லிட்டர் டர்போ பெட்ரோல். வாங்கும்போதே நான்காம், ஐந்தாம் வருடத்துக்கு, 1 லட்சம் கிமீ வரை என்று வாரண்டியை நீட்டித்துக்கொண்டேன். வரி சேர்த்து 23,000 ரூபாய் சொச்சம். "சார், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே கவர் ஆயிடும், நீங்க பாட்டுக்கு நிம்மதியா ஓட்டலாம்" என்றார் ஷோரூம் பையன். நான்காம் வருட வெயிலில் ஏசி கம்ப்ரஸர் படுத்துக்கொண்டது. காலையில் விட்டேன், பாகம் வந்ததும் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் கேட்கவில்லை. வெளியே மாற்றியிருந்தால் அதிலேயே கொடுத்த காசு திரும்பியிருக்கும். ஆகவே மொத்தமும் ஏமாற்று வேலை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

71,000 கிமீ ஓடியிருந்தபோது திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், தொழுதூர் தாண்டி, சிவப்பு டெம்பரேச்சர் விளக்கும் செக் இன்ஜின் விளக்கும் ஒன்றாக எரிந்தன. லாரிகள் விட்ட இடைவெளியில் இடது ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் இன்ஜினில் டக்டக் சத்தம். பானெட்டைத் திறந்தால் ஆவி, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பா காலி. ரெக்கவரி வண்டியில் ஏற்றித் திருச்சிக்கே, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் உறை) என்ற பிளாஸ்டிக் பாகம் ஒட்டுவாயில் விரிசல் விட்டு, அந்த வழியாகக் கூலன்ட் முழுக்க ஊற்றியிருக்கிறது. சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) வளைந்துவிட்டது, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பிய்ந்துவிட்டது, ஒரு சிலிண்டரின் சுவரில் கோடு விழுந்திருக்கிறது. எஸ்டிமேட் 1,90,000 ரூபாய்.

வாரண்டி கோரிக்கைக்கு வந்த பதில்தான் விசேஷம். தெர்மோஸ்டாட் ஹவுசிங் வாரண்டியில் உண்டாம், அதை இலவசமாக மாற்றித் தருவார்களாம். விலை 2,800 ரூபாய். அது உடைந்ததால் கெட்டுப்போன இன்ஜின் மட்டும் "விளைவாக ஏற்பட்ட சேதம்" என்ற வகையில் போய்விடுகிறதாம், அதற்கு இல்லையாம். கூடவே இரண்டு குற்றச்சாட்டுகள்: விளக்கு எரிந்த பிறகும் நான் தொடர்ந்து ஓட்டியிருக்கிறேன், ஒருமுறை வெளி ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் ஊற்றியிருக்கிறேன்.

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இந்தக் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் இல்லை, இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் என்ன நடக்கிறது என்று டிரைவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்னொரு விஷயத்தை முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணன் சொன்னார். சென்சார் கூலன்டின் சூட்டைத்தான் அளக்கிறது, உலோகத்தின் சூட்டை அல்ல. மெதுவாகக் கசிந்தால் பரவாயில்லை, மொத்தமும் சட்டென்று ஊற்றிவிட்டால் சென்சாரைச் சுற்றி இருப்பது வெறும் காற்றும் ஆவியும், அப்போது அது காட்டும் அளவை நம்ப முடியாது. விளக்கு எரிகிற நேரத்தில் அலுமினிய ஹெட் ஏற்கெனவே வளைந்திருக்கலாம். "விளக்கு வந்தப்போ கதை முடிஞ்சிருக்கும் தம்பி, நீங்க நின்னாலும் ஓடினாலும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த அண்ணன் சொன்னபடி, கார் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படித்துக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரிண்ட் கேட்டேன். சர்வீஸ் அட்வைசர் முதலில் இழுத்தார், "அது இன்டர்னல் டாக்குமென்ட் சார்" என்றார். எழுத்தில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கோளாறு பதிவாகும்போது கார் கம்ப்யூட்டர் அந்த நொடியின் வேகம், இன்ஜின் சுற்று, சூடு எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளும், செக் இன்ஜின் விளக்கு எரிந்தபின் கார் எத்தனை கிமீ ஓடியது என்பதையும் எண்ணிக்கொண்டிருக்கும். என் பிரிண்டில் அந்தத் தூரம் 1 கிமீ. நெடுஞ்சாலையில் 80-ல் போகிற வண்டியை ஓரம் கட்ட அவ்வளவாவது ஆகும், நடுச்சாலையிலா நிறுத்துவது? ரிஜெக்ட் செய்தவர்கள் கையிலேயே இந்தக் காகிதம் இருந்தது. யாரும் இதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதினார்களா, எனக்கு இன்னும் புரியவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு ஒரு பழைய விஷயம் உதவியது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளியாருக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்தார்கள் என்பது வழக்கு. வெளி மெக்கானிக்கிடம் போனதை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வெளி வேலையால் சேதம் வந்திருந்தால்தான் ரத்து செய்யலாம் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் போயின, அது தனிக் கதை. என் கடிதத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி: அரை லிட்டர் கூலன்ட் ஊற்றியதால் பிளாஸ்டிக் ஹவுசிங் எப்படி விரிசல் விட்டது? ஹவுசிங்கை வாரண்டியில் தருகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் குறை பாகத்தில்தானே? இதற்கு நேரடியான பதில் கடைசிவரை வரவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது இது எதுவும் இல்லை, கழற்றும் கூலி. ஹெட்டைக் கழற்றினால்தான் காரணம் தெரியும், கழற்றும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும், வாரண்டி மறுக்கப்பட்டால் கழற்றிய கூலி நம் தலையில். அதாவது அவர்கள் "இல்லை" என்று சொல்வதற்கும் நாம்தான் காசு கொடுக்கவேண்டும். முடிவெடுக்கும் ஏரியா டெக்னிக்கல் ஆபீசரோ வண்டியை வந்து பார்க்கவே இல்லை, போட்டோக்களை வைத்தே தீர்ப்பு. கழற்றிப்போட்ட இன்ஜினோடு வண்டியை வேறு எங்கும் இழுத்துப்போகவும் முடியாது, அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்ஜின் தகராறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களில் வந்த தீட்டா 2 இன்ஜின்களில் கிராங்க்‌ஷாஃப்ட் என்ற சுழல் தண்டைத் தொழிற்சாலையில் கடைந்தபோது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் வழியை அடைத்து, பேரிங் தேய்ந்து, இன்ஜின்கள் ஓடும்போதே நின்றன. ஆயில் மாற்றிய பில் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அங்கே உரிமையாளர்கள் சொன்ன புகார்களில் ஒன்று. 2015-லும் 2017-லும் ரீகால் (விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது), கூட்டு வழக்கு, அதன்பின் நீட்டிக்கப்பட்ட வாரண்டி, 2020 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 21 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது என்று போனது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நின்றார்கள். நம் ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அட்வைசரின் மேஜை முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என் விஷயம் எப்படி முடிந்தது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், கம்பெனியிலிருந்து ஒரு மன்னிப்பு மெயில் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் வக்கீல் மூலம் நோட்டீஸ். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டீலர் எங்கே, கம்பெனி தலைமையகம் எங்கே என்று அலையத் தேவையில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். காரின் முழு விலையையே கணக்கில் எடுத்தாலும், 10 முதல் 20 லட்சம் வரைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். நோட்டீஸோடு ஸ்கேன் பிரிண்டையும் இணைத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் போனில் குரல் மாறியது. "குட்வில்" என்ற பெயரில் பாகங்களின் விலையில் 70 சதவீதம் கம்பெனி ஏற்கும், லேபரில் பாதியை டீலர் விட்டுக்கொடுப்பார் என்றார்கள். என் பங்கு 60,000-ஐ ஒட்டி வந்தது. வக்கீல் வழக்குப் போடலாம் என்றுதான் சொன்னார், ஆனால் தீர்ப்பு வரும்வரை காரில்லாமல் என்ன செய்வது? ஒப்புக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளை நீட்டினார்கள், மாற்றிய பாகங்களுக்கும் செய்த வேலைக்கும் தனி வாரண்டி உண்டு என்ற வரியைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

சர்வீஸ் சென்டர் ஆட்களைக் குறை சொல்லமாட்டேன். அட்வைசர் பையன் பாவம், மேலிருந்து வருவதை வாசிக்கிறார், திட்டு வாங்குவதும் அவர்தான். வேலை சுத்தமாக இருந்தது, ஹெட்டை மாற்றியபின் இதுவரை ஒரு சொட்டு கசியவில்லை. எனக்குப் புரிந்தவரை சின்னத் தொகையை டீலர் அளவிலேயே முடித்துவிடுகிறார்கள், தொகை ஏறினால் மேலே போகிறது, மேலே போனால் காரணம் தேடுகிறார்கள்.

வாங்கப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஷோரூம் பையனின் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, நிபந்தனைத் தாளை முழுசாக வாங்கி, கவர் ஆகாதவை என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கவர் ஆகும் பாகம் உடைந்து, கவர் ஆகும் இன்னொரு பாகத்தைக் கெடுத்தால் யார் பொறுப்பு என்று மெயிலில் கேளுங்கள், மெயிலிலேயே பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தக் காசை வங்கியில் போட்டு வைக்கலாம். கார் வழியில் நின்றால் இன்ஜினை மட்டும் ஆஃப் செய்துவிட்டு டேஷ்போர்டு விளக்குகளோடும் கிமீ எண்ணோடும் ஒரு வீடியோ எடுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கழற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஸ்கேன் பிரிண்டைக் கையில் வாங்கிவிடுங்கள், கார் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டால் அந்தக் கிமீ கணக்கும் சேர்ந்து போய்விடும்.

மொத்தத்தில் 5-க்கு 2.5. போன வாரம் அதே கம்பெனியிலிருந்து போன் வந்தது, ஆறாம் வருடத்துக்கும் வாரண்டியை நீட்டிக்கலாமாம், 16,500 ரூபாய். விளைவுச் சேதம் பற்றிய என் கேள்வியை மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.