வெல்வெட், சாட்டின் தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

எந்த வகைத் துணியானாலும் தைத்துத் தருவதாக விளம்பரப் பலகை வைத்திருந்த ஒரு தையற்கடை, நான் நம்பிக் கொடுத்த மூன்று துணிகளையும் கெடுத்ததோடு நில்லாமல், பழியைத் துணியின் மீதே போட்டுவிட்டது. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வெல்வெட்டில் தைத்த மேலங்கியின் முன்பாகத்தில் இடப்பக்கம் அடர்ந்த நிறமாகவும் வலப்பக்கம் வெளிறியும் இருந்தது. சாயம் சீராக ஏறாத துணி என்றார் கடைக்காரர். அவர் திருப்பித் தந்த ஒரே துண்டை அவருடைய மேசையிலேயே விரித்து, பின்பு தலைகீழாகத் திருப்பி வைத்துக் காட்டினேன்; முதலில் வெளிறித் தெரிந்த அதே துண்டு, திருப்பியதும் அடர்ந்து தெரிந்தது. வெல்வெட்டின் மேல் நிற்கும் மென்மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பார்க்கும் திசைக்கேற்ப நிறம் மாறும். ஆகவே எல்லாப் பாகங்களையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டும், அதற்குத் துணியும் கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் கூடுதல் துணியையும் சேர்த்தே நான் கொடுத்திருந்தேன். துணியை மிச்சம் பிடிக்கவே பாகங்களைத் தலைமாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. மிச்சம் எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

போதாக்குறைக்கு, தோள்பட்டையில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே அச்சாகப் பதிந்து பளபளத்தது. வெல்வெட்டை இன்னொரு வெல்வெட் துண்டின் மீது முகம் கவிழ்த்துப் போட்டு, பெட்டியை அழுத்தாமல் நீராவி மட்டும் காட்டவேண்டும் என்பது இத்தொழிலில் பாலபாடம்.

சாட்டினில் தையல் நெடுகிலும் இழைகள் இழுபட்டிருந்தன. 60 அல்லது 70 எண்ணுள்ள மெல்லிய, புதிய கூர்முனை ஊசி போடவேண்டிய இடத்தில் மழுங்கிய ஊசியால் ஓட்டியதன் விளைவு அது. பிரித்துத் தைத்த இடங்களில் பழைய துளைகளும் மறையவில்லை. மூன்றாவதாகக் கொடுத்த, இழுத்தால் நீளும் பின்னல் துணியைச் சாதாரண நேர்த்தையலில் தைத்திருந்ததால், தலைவழியே போட்டவுடன் கழுத்துத் தையல் படபடவென்று அறுந்தது. ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து செல்லும் தையல்) அல்லது ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) போட்டிருந்தால் துணியோடு சேர்ந்து தையலும் நீண்டு கொடுத்திருக்கும்.

நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு கூலியில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. துணிக்கு ஈடாக எதுவும் தர மறுத்துவிட்டார்.

இத்தகைய துணிகளைக் கொடுக்கும் முன், ஒரு சிறு துண்டில் உங்கள் கண்ணெதிரே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். தோலாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் அதில் விழுந்த ஊசித்துளை மூடவே மூடாது. கொடுத்த துணியின் நீளத்தையும், ஒரே திசையில் வெட்டவேண்டும் என்பதையும், மிச்சத் துண்டுகள் அனைத்தும் திரும்ப வரவேண்டும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், துணியை மடித்து எடுத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.