ஆட்டோகேடில் ⌀, ², ³: எந்த வழி நிலைக்கிறது?

கம்பியின் விட்டம், கான்கிரீட்டின் வலிமை, தளத்தின் பரப்பு. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத ஸ்ட்ரக்சரல் டிராயிங் (கட்டடத்தின் கம்பி, கான்கிரீட் அமைப்பைக் காட்டும் வரைபடம்) அரிது. மூன்றையும் எழுதத் தேவையான குறிகளில் எதற்கும் விசைப்பலகையில் தனி விசை கிடையாது. பல ஆண்டுகளாக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளிலேயே வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

விட்டக் குறியைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டு சதவீதக் குறிகளைப் போட்டு ஆங்கில 'சி' தட்டினால் ⌀ வந்துவிடும். 'டி' என்றால் பாகை °, 'பி' என்றால் ±. ஒற்றை வரி டெக்ஸ்ட், எம்டெக்ஸ்ட் (பல வரிக் குறிப்பு), டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) எல்லாவற்றிலும் இது செல்லும். பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் திறந்தாலும் இந்தக் குறிகள் அப்படியே நிற்கின்றன.

தொல்லை தருவது மேலெழுத்துதான். எம்டெக்ஸ்டில் 2^ என்று தட்டி, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஸ்டாக் (மேலும் கீழுமாக அடுக்கும் வசதி) கொடுத்தால் 2 மேலே ஏறும். ^2 என்றால் கீழே இறங்கும். புதிய பதிப்புகளில் இதற்குத் தனிப் பொத்தான்களே உண்டு. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த 2 ஒரு தனி எழுத்து அன்று. வடிவமைப்பால் மேலே தூக்கி நிறுத்தப்பட்ட சாதாரண இரண்டு. யாராவது அந்தக் குறிப்பை எக்ஸ்ப்ளோடு செய்தால் (துண்டுகளாக உடைத்தால்) அது தனித் துண்டாகப் பிரிந்துவிடும். வெளியே போய்த் திரும்பிய ஒரு கோப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். எம்20 கான்கிரீட்டின் 28 நாள் வலிமை 20 நி/மி.மீ² (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்) என்ற குறிப்பை யாரோ நகர்த்தியிருந்தார்கள். '20 நி/மி.மீ' புதிய இடத்தில் இருந்தது. 2 மட்டும் பழைய இடத்தில், ஒரு பீமின் மேல், ஏதோ கம்பி எண் போல நின்றது. சைட்டில் கம்பி கட்டுபவர் அதை எப்படிப் படித்திருப்பாரோ!

அதனால் இப்போது நான் உண்மையான ² எழுத்தையே இடுகிறேன். ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் விசைகளில் 0178 தட்டினால் ², 0179 தட்டினால் ³. எண் விசைகள் இல்லாத மடிக்கணினியில் பின்சாய்வுக் கோடு, 'யு', கூட்டல் குறி, அதையடுத்து 00பி2 என்று ஆங்கிலத்தில் தட்டலாம், கனத்துக்கு 00பி3. ஒரே எழுத்து என்பதால் எக்ஸ்ப்ளோடு செய்தாலும் பிரியாது, தேடினாலும் கிடைக்கும், ஒற்றை வரி டெக்ஸ்டிலும் உட்காரும். 10⁻⁶ போன்ற அடுக்குகளுக்கும் +0.02, -0.01 என்று மேலும் கீழுமாக வரும் டாலரன்ஸுக்கும் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) மட்டும் ஸ்டாக்கை வைத்திருக்கிறேன். அந்த இடங்களில் அதற்கு ஈடில்லை.

இதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஃபான்ட். ஏரியல் போன்ற ட்ரூடைப் எழுத்துருக்களில் சிக்கல் வருவதில்லை. ஆட்டோகேடின் சொந்த எழுத்துருவான எஸ்எச்எக்ஸ் வகையில் சிம்ப்ளெக்ஸ், ரோமன்எஸ் இரண்டும் போதும். சில அலுவலகங்கள் தாங்களே செய்து வைத்திருக்கும் எஸ்எச்எக்ஸ் கோப்புகளில் ² இருக்காது. அங்கே கேள்விக்குறிதான் தெரியும். பிளாட் (அச்சு) எடுக்கும் முன் நோட்ஸ் பகுதியைப் பெரிதாக்கி ஒரு முறை கண்ணோட்டம் விடுங்கள்.

பரப்புக்கு இன்னும் நல்ல வழி ஃபீல்டு, அதாவது வரைந்த உருவத்திலிருந்தே எண்ணை எடுத்துக் காட்டும் குறிப்பு. டிராயிங் மில்லிமீட்டரில் இருந்தால் மாற்றுக் காரணியாக 0.000001 கொடுத்து, பின்னொட்டில் ஆங்கிலச் சின்ன 'எம்' எழுத்தோடு ² சேர்த்துவிடுங்கள். அறையின் பாலிலைனை (எல்லைக் கோட்டை) இழுத்து மாற்றி ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் எண் தானே திருந்தும். எங்கள் டெம்ப்ளேட்டில் இது தயாராகவே இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் காட்டுகிறேன்.