95,000 ரூபாய்க்கு வாங்கிய ஆர்எக்ஸ் 100: மூன்றாம் நாளே எஞ்சின் ஜாம்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் ஒரு கடையில் கடந்த சனிக்கிழமை 95,000 ரூபாய் கொடுத்து 1994ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வாங்கினேன். திங்கட்கிழமை காலையில் அது நடுச்சாலையில் நின்றுவிட்டது. அதிக தூரம் ஓடிய பழைய வண்டியை வாங்கும் முன் சோதிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் அடங்கவில்லை, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வண்டி 1985 முதல் 1996 வரைதான் உற்பத்தியானது. ஆகவே எதை வாங்கினாலும் அது பலர் கைமாறி, பலமுறை பிரித்துப் பூட்டப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏமாந்தேன். கடைக்காரர் தேநீர் வரவழைத்து, என் ஊர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, வண்டியின் அருகில் குனிந்து, காலைப் பயன்படுத்தாமல் வலது உள்ளங்கையால் கிக்கரை ஒருமுறை அழுத்தினார். உடனே ஸ்டார்ட் ஆனது. "பார்த்தீங்களா சார், குழந்தை மாதிரி" என்றார். அந்த ஒரு நொடியில் நான் விழுந்துவிட்டேன். நான் போய்ச் சேருவதற்கு முன்பே சைலன்சர் சூடாக இருந்ததைக் கை தெரியாமல் பட்டபோது உணர்ந்தேன். முன்பே ஓட்டிச் சூடாக்கிய எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆகும்; ஆனால் அது ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. முன்பணமாக 5,000 ரூபாயைக் கைப்பேசி வழியாகவும், மீதி 90,000 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து லிட்டர் பெட்ரோல் நிரப்பினேன். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது உள்பாகங்கள் உராய்ந்து தேயாமல் இருக்க பெட்ரோலோடு ஆயிலும் உள்ளே போக வேண்டிய வகை. ஆனாலும் இதில் ஆயிலுக்குத் தனி டேங்கும், அதிலிருந்து ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்பும் உண்டு என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டேங்க் நிறைய ஆயில் இருந்தது. மறுநாள் திண்டுக்கல்லில் இருந்து புறப்பட்டு வத்தலக்குண்டை நெருங்கும்போது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சினின் குரல் ஒரு கணம் கம்மியது. அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். எனக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது.

மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போன வண்டியை எங்கள் பகுதி மெக்கானிக் பிரித்துக் காட்டினார். ஆர்எக்ஸ் 100இல் ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும் மற்றொன்று ஆயில் பம்புக்கும் போக வேண்டும். பம்புக்குப் போக வேண்டிய கேபிளின் முனை கறுப்பு டேப் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது, பம்பே இல்லை, ஆயில் குழாயின் வாயில் ஒரு சிறிய திருகாணியைச் செருகி அடைத்திருந்தார்கள். டேங்கில் இருந்த ஆயில் வெறும் காட்சிக்கு; எஞ்சினுக்குப் போகவே இல்லை, அதனால்தான் ஜாம். முந்தைய உரிமையாளர் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியிருக்கிறார். கடையில் அதைச் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். பிஸ்டன் ஓடும் பிளாக் ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போர் போடப்பட்டது, அதாவது இனி கடைந்து அகலப்படுத்த முடியாது என்றும், உள்ளே புதுக் குழாயான ஸ்லீவ் அடிக்காமல் வழியில்லை என்றும், எஞ்சினின் சுழல் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கும் போய்விட்டது என்றும் அவர் சொன்னார். மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டுகிறதே என்றேன். ஐந்து இலக்க மீட்டர் லட்சத்தைத் தொட்டால் மீண்டும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும் என்றும், முன்சக்கரத்தில் கேபிளைக் கழற்றிவிட்டால் ஓடவே ஓடாது என்றும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையால் அழுத்தியதும் இறங்கிய அந்தக் கிக்கரும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். நல்ல எஞ்சினையும் பழகியவர்கள் கையால் ஸ்டார்ட் செய்வது உண்டு. ஆனால் எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே அழுத்தும் காற்றின் அழுத்தம், போய்விட்டது என்று பொருள். எதைப் பார்த்து மயங்கினேனோ அதுவே நோயின் அறிகுறியாக இருந்திருக்கிறது.

கடைக்காரரை அழைத்தேன். முதல் அழைப்பில், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார். இரண்டாவது முறை, ஆயில் கலக்காமல் ஓட்டியது என் தவறு என்றார். பம்பு இல்லாததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே" என்று பதில் வந்தது. அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை. நேற்று இரண்டு பேருந்து மாறி நேரில் போனேன். அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொன்னான்; உள்ளே அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. 95,000 ரூபாய். என் ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு.

வரிசையாகச் சோதனைகளைத் தருவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆயில் பம்பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள். மீட்டரை நம்பாமல் பிரேக் பெடலின் தேய்மானத்தைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடையில் ரசீது என்று கொடுத்தது தொகை எழுதாத ஒரு துண்டுச்சீட்டு. 95,000 ரூபாயில் என்னால் காட்ட முடிவது கைப்பேசியில் போன அந்த 5,000 மட்டும்தான்.