எஸ்.பி. ரோடு லித்தியம் செல்: எடை பார்த்து வாங்குங்க

பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் 18650 எனப்படும், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் செல் வாங்குவது சுலபம், நல்லதாக வாங்குவதுதான் சிரமம். மேலுறையில் 9900 எம்.ஏ.எச். (செல்லில் அடங்கும் சார்ஜின் அளவு) என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள குழாயில் அவ்வளவு அடங்காது; பெயர்பெற்ற கம்பெனி செல்களே 3500 பக்கத்தில்தான். சின்னத் தராசு கொண்டுபோங்க. அசல் செல் 45 கிராமை ஒட்டி நிற்கும், 30 கிராம் என்றால் டூப்ளிகேட்.

இரு முனையிலும் வெல்டிங் புள்ளி தெரிந்தால் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த சரக்கு. அதுவும் மோசமில்லை, விலை குறைந்தால் சரி. ஆனால் மல்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்: அளவுக்கு மீறி வடிந்த செல்லில் உள்ளே செம்பு கரைந்திருக்கலாம், சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம்.

செல்லுக்கு சார்ஜ் ஏற்றும் டிபி4056 என்ற சின்ன போர்டில், சாதனத்தை இணைக்கும் அவுட் ப்ளஸ், அவுட் மைனஸ் முனைகள் தனியாக உள்ளதைக் கேளுங்கள். அது இல்லாத போர்டு 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தும், செல் அடிமட்டம் வரை வடிவதைத் தடுக்காது. கம்பியை நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் செல் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்துதரும் கடையிலேயே செல்லையும் வாங்குவது உத்தமம்.